இரண்டு இடதுகள்

முதல் பையைச் செய்தித்தாளில் வெட்டினேன்.
பின்சக்கரத்தின் பக்கத்தில் கட்டித் தொங்கவிட்டு
முத்துராக்குவை மிதிக்கச் சொன்னேன்.
மூன்றாவது சுற்றில் குதிகால் தட்டிக் கிழிந்தது,
தங்கம் விலை போட்ட பக்கம்.
அப்படித்தான் தெரிந்தது
சைக்கிள் பைக்கு
முன்பக்கக் கீழ்மூலை இருக்கக் கூடாதென்று.

சீருடை தைத்துப் பழகிய கை.
ஜூன் பிறந்தால் மண்டபம் கேம்ப்பில்
இருநூறு பாவாடை, எல்லாம் ஒரே மடிப்பு.
உடம்புக்குத் தைப்பது சுலபம்,
பிடித்தால் பிடிக்கிறதென்று சொல்லிவிடும்.
பை சொல்லாது.
ஈரப் பாசியோடு ரயில்வே கேட் மேட்டில் ஏறும்போதுதான்
வாயைத் திறக்கும்.

அவள் கேட்டது இவ்வளவுதான்:
"ஒரு பையில தண்ணி நிக்கக் கூடாது.
ஒரு பையில தண்ணி நுழையவே கூடாது.
கட்டக்கோரை, கண்ணாடி, தகரச் செருப்பு அதுல.
சோறு, போனு, மாத்துச் சேலை இதுல."
சைக்கிள் அவள் மகளுடையது,
பள்ளிக்கூடத்தில் விலையில்லாமல் கொடுத்தது.

லாரித் தார்ப்பாய் உச்சிப்புளியில் பாதி விலை.
விறைப்புக்கு, அறுத்த நீல டிரம்.
உள்துணி ஃப்ளெக்ஸ்,
பெரியபட்டினத்துக் கல்யாணம் ஒன்று.
மாப்பிள்ளை முகம் தையலுக்குள் போய்விட்டது.
பையைத் திறந்தால்
'அன்புடன் வரவேற்கும்' மட்டும் தெரியும்,
யார் என்று தெரியாது.
பக்கிள், கரையில் ஒதுங்கிய லைஃப் ஜாக்கெட்டில் கழற்றியது.
யாருடையதென்று யாரும் கேட்கவில்லை.
நானும் கேட்காமல்
மூன்று முறை நல்ல தண்ணீரில் அலசினேன்.

ஜிப் வேண்டாமென்று சொல்லிவிட்டேன்.
இந்தக் கரையில் ஜிப்புக்கு ஆயுசு மூன்று வாரம்,
உப்பு அதன் பல்லைத் தின்றுவிடும்.
வாயை மூன்று சுருட்டுச் சுருட்டிப் பூட்டு,
அல்வாப் பொட்டலம் மாதிரி.

பதினெட்டாம் நம்பர் ஊசி நான்கு உடைந்தது.
ஐந்தாவதற்குக் காலை எடுத்துவிட்டு
கையால் சக்கரம் சுற்றி
ஒவ்வொரு தையலாக வாரைத் தாண்டினேன்.
வலை பின்னும் நைலான் நூல், மெழுகு தடவியது.
கொக்கி கிலாட்வின் பட்டறையில் வளைத்தது.
கேரியரில் அது கடகடக்காமலிருக்க
பழைய டியூப்பில் உறை.

இரண்டு நாள். இரண்டு பை.
மேசைமேல் அருகருகே நிறுத்தினேன்.
அச்சு அசல், ஒன்றுபோல ஒன்று.

அதுதான் தப்பு.

இரண்டும் இடது.
அட்டையைத் திருப்பிப் போட மறந்திருக்கிறேன்.
வலப்பக்கம் மாட்டினால்
சரித்து வெட்டிய மூலை பின்னால் போய்விடுகிறது,
முழு மூலை குதிகாலுக்குக் காத்து நிற்கிறது.
செருப்புக்கு இடது வலது உண்டு,
ரவிக்கைக் கைக்கு உண்டு,
இருபது வருடமாக வெட்டுகிறேன்.
துணியும் மிச்சமில்லை.
ராத்திரி முழுக்க
என்ன சொல்வதென்று ஒத்திகை.

ஐந்து மணிக்கு வந்தாள்.
மாட்டினாள். ஏறினாள்.
வலது குதிகாலை மட்டும் வெளியே திருப்பி
மிதித்துக் காட்டினாள்.
"பாறையில இப்படித்தான நிக்கிறேன்.
காலு ஏற்கெனவே கோணல்தான், சபூராக்கா."

கச்சான் அடித்துக்கொண்டிருந்தது.
காலிப் பைகள் காற்று வாங்க
சைக்கிள் ஒரு பக்கம் சாய்ந்து, நிமிர்ந்து, போனது.
கூலியில் பாதி கொடுத்திருந்தாள்.
மீதி, வலது வந்த பிறகாம்.

மத்தியானம் எட்டிப் பார்த்தேன்.
தார்ரோட்டில் கடையைத் தாண்டி
சொட்டுச் சொட்டாக ஒரு கோடு,
இடப்பக்கம் மட்டும்.
வலப்பக்கம் காய்ந்த ரோடு.

அடுத்த வாரம் வலது தைத்துக் கொடுத்தேன்.
அட்டையின் ஒரு முகத்தில் 'இ',
மறுமுகத்தில் 'வ', சிவப்பு மையில்.
திரும்பி வந்த இடதுக்குக் கொக்கியைப் பிரித்து
இரண்டு தோள்வார் வைத்தேன்.

அவள் மகள் அதைப் போட்டுக்கொண்டு
நடந்துதான் பள்ளிக்கூடம் போகிறாள்.
சைக்கிள் கரையில் நிற்கிறது.
சரிந்த மூலை எந்தப் பக்கம் இருந்தால் என்ன,
முதுகுக்குக் குதிகால் கிடையாது.

தோள்வாருக்குக் காசு
இன்னும் வரவில்லை.